தொலைதூரக் குறிக்கு எந்த ஸ்கோப்?

ரைபிள் ஸ்கோப் வாங்கப்போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதைத்தான். 1000 கஜத்தில் குறிபார்ப்பவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி, ஸ்கோப்பின் மேலுள்ள டரட் திருகு குறியை எவ்வளவு தூரம், எவ்வளவு சரியாக நகர்த்தும் என்பது. 100 கஜத்துக்குச் சரிசெய்த .308 ரைபிளின் குண்டு, 1000 கஜத்தை எட்டும்போது பார்வைக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 30 அடி தாழ்ந்துவிடும். கோணக் கணக்கில் இது சுமார் 35 எம்ஓஏ. ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. மொத்தம் 60 எம்ஓஏ நகரும் ஸ்கோப்பில் மேல்நோக்கிக் கிடைப்பது பெரும்பாலும் பாதி, அதாவது 30 தான். கண்ணாடி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்த ஸ்கோப் 1000 கஜத்துக்கு எட்டாது. இதனால்தான் 34 மி.மீ. குழாய் கொண்ட ஸ்கோப்புகளும், முன்பக்கம் 20 எம்ஓஏ சரிந்த அடித்தகடுகளும் தொலைதூரச் சுடுநர்களிடம் பரவின.

இலக்கே தெரியாவிட்டால் திருகி என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இங்கிலாந்தின் பிஸ்லி போன்ற மைதானங்களில் ஸ்கோப் வைத்துச் சுடும் எஃப் கிளாஸ் போட்டியில், 1000 கஜ இலக்கின் கரிய வட்டம் ஒரு மீட்டருக்கு மேல் அகலமானது. 15 மடங்கில் அது சுமார் 60 மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். அனுபவசாலிகள் 40 மடங்குக்கு மேலும் வைப்பதுண்டு. அதனால் வளையங்களுக்கு நடுவே நுட்பமாகக் குறிவைக்க முடிகிறது. வெயில் ஏறியதும் கானல் அலையும் அதே அளவுக்குப் பெரிதாகிவிடும், பெருக்கத்தைக் குறைக்கத்தான் வேண்டும். திருகாமல், குறிக்கம்பியிலுள்ள கோடுகளை வைத்தே உயர்த்திச் சுடலாமே என்பார்கள் சிலர். நடுத்தரத் தொலைவுக்கு அது சரி. 25 மடங்கிலோ காட்சிவட்டத்தின் பாதியே பொதுவாக 35 எம்ஓஏவை விடச் சிறியது. வைக்கவேண்டிய கோடு பார்வைக்குள்ளேயே வராது. குறிக்கம்பி இரண்டாம் குவியத் தளத்தில் இருந்தால், அந்தக் கோடுகளின் அளவு ஒரே ஒரு பெருக்கத்தில்தான் பொருந்தும்.

பாரலாக்ஸ் திருகி கட்டாயம் வேண்டும். இல்லையேல் கண் சற்று விலகினாலும் குறி இலக்கின்மேல் இடம் மாறும். கிளிக்கின் அளவையும் பாருங்கள். கால் எம்ஓஏ கிளிக் ஒன்று 1000 கஜத்தில் 2.6 அங்குலம் நகர்த்தும், அரைக்கால் கிளிக் 1.3 அங்குலம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கியதும் உரிமம் பெற்ற சுடுதளத்தில் 100 கஜத்தில் உயரமான தாளைத் தொங்கவிட்டு, தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்துக் கோடு வரைந்து, 30 எம்ஓஏ திருகிச் சுடுங்கள். துளைகள் 31.4 அங்குலம் மேலே, கோட்டின்மீதே விழவேண்டும். திருப்பி வைத்தால் பழைய இடத்துக்கே வரவேண்டும். வராத ஸ்கோப்பை, விலை எதுவானாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.