குழந்தையை முதல் தடவை தீம் பார்க் கூட்டிட்டுப் போக எது சரியான வயசு?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரக் கேள்வி கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வாய்ஸ் நோட்டா வந்தது. அனுப்பினவங்களுக்கு ஒரு பொண்ணு, வயசு ரெண்டேகால். தாத்தாவும் ஆயாவும் சிதம்பரத்துல இருக்காங்க. கோடை லீவுக்கு எல்லாரும் ஒரு வேன் பிடிச்சு, திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பர்ல திறந்த வொண்டர்லாவுக்குப் போகலாம்னு பேச்சு. வீட்டுக்காரர் கதவு நிலையில பாப்பாவை நிக்க வெச்சு, பென்சிலால கோடு போட்டு அளந்திருக்கார். 84 செ.மீ. "85-க்குள்ள இருந்தா டிக்கெட் கிடையாது, இன்னும் ரெண்டு மாசம் போனா காசு கட்டணும், இப்பவே போயிட்டு வந்துடலாம்"ங்கிறது அவர் கட்சி. "ரெண்டு வயசுப் புள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கப் போவுது, தண்டச் செலவு"ங்கிறது மாமியார் கட்சி. யார் சொல்றது சரின்னு கேட்டிருக்காங்க.

குடும்பப் பஞ்சாயத்துல நான் தீர்ப்பு சொல்றதில்லை. ஆனா இந்த ரெண்டு வாதத்தையும் தனித்தனியா எடுத்துப் பார்த்தா நிறைய விஷயம் இருக்கு.

முதல்ல டிக்கெட். 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 85-லிருந்து 140 வரைக்கும் குழந்தை டிக்கெட், அதுக்கு மேல பெரியவங்க டிக்கெட். வொண்டர்லா பார்க்குகள்ல வழக்கமா இருக்கிற கணக்கு இதுதான். அமெரிக்காவுல டிஸ்னி பார்க்குகள் வயசைப் பார்க்குது, அங்கே மூணு வயசு ஆகலைன்னா டிக்கெட் வேண்டாம். தாராள மனசுன்னு நினைக்கத் தோணும். ஆனா அந்த உயரத்துல இருக்கிற குழந்தை ஏறக்கூடிய ரைடு அங்கே அனேகமா எதுவும் இல்லை. கடைக்காரர் விற்கிறதுக்குப் பொருள் இல்லாதப்போ காசு வாங்க மாட்டார், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் கணக்குல விட்டுப்போன ஒரு வரி இருக்கு. பெரியவங்க டிக்கெட் ஆளுக்கு ஆயிரத்தைத் தாண்டுது. பெரிய ரைடுல ஏற முடியாத குழந்தையோட யாராவது ஒருத்தர் கீழே நிக்கணும். அப்பா போனா அம்மா நிக்கணும், அம்மா போனா அப்பா நிக்கணும். தாத்தா ஆயாகிட்ட விட்டுட்டுப் போகலாம்னா, அவங்களுக்கும் டிக்கெட் எடுத்துத்தானே உள்ளே வந்திருப்பாங்க? பி.பி., இதய நோய், முட்டி வலி உள்ளவங்களைப் பல ரைடுல ஏத்த மாட்டாங்க. ஆக நாலு டிக்கெட்டுக்குக் காசு கட்டி, பாதியை பெஞ்சுல உட்கார வைக்கிறோம். பாப்பாவோட இலவச டிக்கெட்டுக்கு உண்மையான விலை இதுதான்.

பெஞ்சுன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. வால்ட் டிஸ்னி தன்னோட ரெண்டு பொண்ணுங்களையும் லாஸ் ஏஞ்சலிஸ் கிரிஃபித் பார்க்ல இருக்கிற ராட்டினத்துக்குக் கூட்டிட்டுப் போவாராம். அவங்க சுத்துவாங்க, இவர் பெஞ்சுல உட்கார்ந்து கடலை கொறிப்பார். அப்பா அம்மாவும் குழந்தைங்களும் சேர்ந்து விளையாடுற இடம் ஒண்ணு ஏன் இல்லைன்னு அங்கே யோசிச்சதுதான் டிஸ்னிலாண்டுக்கு விதைன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். 1955 ஜூலை 17-ல அது திறந்தது. ரெண்டு வயசுக் குழந்தையோட போனா நாம திரும்ப அந்த பெஞ்சுக்கே வந்துடுறோம்.

சரி, ஏன் உயரத்தைப் பார்க்கிறாங்க? ரைடு வேகமாத் திரும்பும்போதும் சட்டுன்னு நிக்கும்போதும் உடம்பைப் பிடிச்சு வைக்கிறது மடியில விழுற கம்பியும், தோள் மேல இறங்குற பட்டையும்தான். அதெல்லாம் ஒரு குறிப்பிட்ட அளவு உடம்புக்குச் செஞ்சது. சின்னக் குழந்தைன்னா இடுப்புக்கும் கம்பிக்கும் நடுவுல இடைவெளி வரும், நழுவிப் போக வழி இருக்கு. அதோட ரொம்பச் சின்னக் குழந்தைக்கு உடம்போட ஒப்பிட்டா தலை பெருசு, கழுத்துத் தசைக்கு வலு போதாது. இதனாலதான் "என் பையன் தைரியசாலி சார், விடுங்க"ன்னு ஆபரேட்டர்கிட்ட கெஞ்சுறதுல அர்த்தமே இல்லைன்னு சொல்றேன். கம்பிக்குத் தைரியம் தெரியாது. ஷூவுக்குள்ள துணி வெச்சு அளவுக்கம்பியை ஏமாத்துறவங்களும் இருக்காங்க. அவங்க ஏமாத்துறது பார்க்காரரை இல்லை.

உலக சுகாதார அமைப்போட வளர்ச்சி அட்டவணைப்படி சராசரி உயரம் மூணு வயசுல சுமார் 95 செ.மீ., அஞ்சு வயசுல 110, ஏழு வயசுல 120, பத்து வயசுல 138. நம்ம வீட்டுப் பிள்ளைங்க பல பேர் இதைவிட ரெண்டு மூணு சென்டிமீட்டர் குறைவா இருப்பாங்க, அதுல கவலைப்பட ஒண்ணுமில்லை. இப்ப இதை ரைடு போர்டோட சேர்த்துப் பாருங்க. கிட்ஸ் ரைடு பெரும்பாலானது 90, 100-க்கு மேல திறக்கும். நடுத்தர ரைடு 120 பக்கம். தலைகீழாச் சுத்துற பெரிய கோஸ்டர் எல்லாம் 140. அதாவது மூணு வயசுல பார்க்குக்குள்ள ஒரு ஓரம் கிடைக்குது, ஏழு வயசுல பாதி கிடைக்குது, பதினொண்ணு கிட்ட முழுசும் கிடைக்குது.

அடுத்தது மாமியார் கட்சி. ஞாபகம் இருக்காதா?

இதுக்குன்னே ஒரு ஆராய்ச்சி இருக்கு, அதுவும் தீம் பார்க்கை வெச்சே. 1991-ல ஹேமண்ட், ஃபைவுஷ்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் டிஸ்னி வேர்ல்டு போயிட்டு வந்த 48 குழந்தைகள்கிட்ட பேசினாங்க. பாதிப் பேர் போனப்போ மூணு வயசு சொச்சம், மீதிப் பேருக்கு நாலு சொச்சம். சிலர்கிட்ட ஆறு மாசம் கழிச்சும், சிலர்கிட்ட ஒன்றரை வருஷம் கழிச்சும் கேட்டாங்க. எல்லாருமே நிறைய சொன்னாங்க, மூணு வயசுல போனவங்களும்தான். பெரிய குழந்தைங்க இன்னும் விவரமாச் சொன்னாங்க. முக்கியமா, எந்த வீட்டுல அந்தப் பயணத்தைப் பத்தி அடிக்கடி பேசினாங்களோ, அந்த வீட்டுக் குழந்தைக்கு அதிகம் ஞாபகம் இருந்தது.

அப்போ மாமியார் தோத்துட்டாங்களான்னா, இல்லை. எமரி பல்கலைக்கழகத்துல பேட்ரிஷியா பாயர் குழு மூணு வயசுக் குழந்தைங்க சொன்ன சம்பவங்களைப் பதிவு பண்ணி வெச்சு, பல வருஷம் கழிச்சுத் திரும்பக் கேட்டது. அஞ்சு, ஆறு, ஏழு வயசுல பாதிக்கு மேல ஞாபகம் வெச்சிருந்தாங்க. எட்டு, ஒன்பதுல அது மூணுல ஒரு பங்கு அளவுக்கு இறங்கிடுச்சு. சின்ன வயசு ஞாபகம் ஏழு வயசுக்கு அப்புறம்தான் வேகமா உதிருது. நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு முதல் ஞாபகமே மூணு, மூணரை வயசுலதான் ஆரம்பிக்குது. ரெண்டேகால் வயசுல போனது போட்டோவுல இருக்கும், பாப்பா மனசுல இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு.

ஆனா ஞாபகம் இருக்கணும்னுதான் எல்லாம் செய்றோமா? ரெண்டு வயசுல ஊட்டின நிலாச்சோறு யாருக்கும் ஞாபகம் இல்லை, அதுக்காக ஊட்டாம இருந்தாங்களா? அன்னைக்கு அந்தக் குழந்தை சந்தோஷமா இருந்ததா, அதுதான் கேள்வி. எனக்குத் தெரிஞ்சு, ரெண்டு வயசுக் குழந்தைக்கு தீம் பார்க் நாள் அவ்வளவு சந்தோஷமான நாள் இல்லை.

காலையில அஞ்சு மணிக்கு எழுப்பணும். கடலூர்லேர்ந்து திருப்போரூர் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர், சிதம்பரத்துலேர்ந்து கிளம்பினா இன்னும் நாப்பது, அம்பது கூட. அன்னைக்கே திரும்பறதுன்னா ஏழெட்டு மணி நேரம் வண்டியிலேயே போயிடும். இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 11 மணி நேரமாவது தூக்கம் வேணும், மத்தியானத் தூக்கத்தையும் சேர்த்து. அந்த மத்தியானத் தூக்க நேரத்துலதான் நீங்க வெயில்ல வரிசையில நிப்பீங்க. மே மாசம்னா கத்திரி வெயில் வேற. சின்ன உடம்பு சீக்கிரம் சூடேறும், தாகம்னு சொல்லத் தெரியாது, சிடுசிடுன்னு அழும். நாம "அடம் பண்ணுது"ன்னு அதட்டுவோம். அப்புறம் பயம். நாலு வயசுக்குள்ள நிறைய குழந்தைங்களுக்கு, பெரிய தலையோட ஆடி வர்ற பொம்மைக்குள்ள ஒரு ஆள் இருக்கார்ங்கிறது மனசுல நிக்காது. நமக்கு செல்ஃபி, அதுக்குப் பேய்.

என் அக்கா பையன் மூணு வயசுல ஒரு கோயில் திருவிழாவுல குட்டி ரயில் ராட்டினத்துல ஏறினான். முதல் சுத்து சிரிச்சான். ரெண்டாவது சுத்துல ஹாரன் அடிச்சதும் ஆரம்பிச்ச அழுகை நிக்கவே இல்லை. மாமா "ஒண்ணும் ஆகாது, இன்னொரு ரவுண்டு போனா பயம் போயிடும்"னு திரும்ப ஏத்தப் பார்த்தார். அக்கா பிடுங்கித் தூக்கிட்டு வந்துட்டாங்க. அடுத்த வருஷம் அதே திருவிழாவுல அவனே போய் வரிசையில நின்னான். பயந்த குழந்தையை இறக்கிட்டா, அது தானா திரும்ப வரும். வலுக்கட்டாயமா ஏத்தினா, ராட்டினத்துக்குப் பயந்தது போதாதுன்னு நம்மளையும் நம்பாம போயிடும்.

அந்தத் திருவிழா விஷயத்தை நான் சும்மா சொல்லலை. கடலூர், சிதம்பரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒத்திகை பார்க்க ஊர்லயே இடம் இருக்கு. சிதம்பரத்துல ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் அஞ்சு தேர் நாலு வீதியிலயும் சுத்தி வரும். வடம் இழுக்கிற நெரிசலுக்குள்ள குழந்தையைக் கொண்டு போக வேண்டாம். முந்தின நாள் சாயங்காலம் கீழவீதியில அலங்காரத்தோட நிக்கிற தேரைக் காட்டுங்க, மேளச் சத்தம் கேட்கட்டும், பொம்மைக் கடையில வரிசையில நிக்கட்டும். அந்த ஒரு மணி நேரத்துலயே கூட்டம், சத்தம், காத்திருக்கிறது, "ஒண்ணுக்கு வருது"ன்னு முன்கூட்டியே சொல்றது எல்லாம் தெரிஞ்சிடும். இதுல தாக்குப்பிடிக்காத குழந்தை தீம் பார்க்ல பத்து மணி நேரம் தாங்காது.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்ல சாயங்காலம் மணல்ல விட்டாலே ரெண்டு வயசுக் குழந்தைக்கு அது பெரிய உலகம். அலையில மட்டும் இறக்கிடாதீங்க, அந்தக் கடல் முரட்டுக் கடல். பிச்சாவரம் சிதம்பரத்துலேர்ந்து 15 கிலோமீட்டர் சுமாருக்குத்தான். எம்.ஜி.ஆர். 'இதயக்கனி' எடுத்த அதே சுரபுன்னைக் காடு. லைஃப் ஜாக்கெட் போட்டு ஒரு மணி நேரம் துடுப்புப் படகுல போனா நாலு வயசுக் குழந்தை கேட்கிற கேள்விக்கு நம்மகிட்ட பதில் இருக்காது. தாத்தா ஆயாவும் வரலாம், யாரும் பெஞ்சுல காத்திருக்க வேண்டாம்.

இப்ப என் கணக்கைச் சொல்றேன். மூணு வயசுக்குள்ள பெரிய பார்க் வேண்டாம். நாலு, அஞ்சு வயசுல, பார்க் பக்கத்துல இருந்து, முழங்கால் அளவுத் தண்ணியிலயும் கிட்ஸ் ரைடுலயும் அரை நாள் ஆடிட்டு வர்றதுக்குச் சம்மதம்னா போகலாம். கடலூர்லேர்ந்து முழு நாள் வேன் பயணம்னா ஆறரை, ஏழு வயசுக்குக் காத்திருங்க. அந்த வயசுல உயரம் 115, 120 கிட்ட வந்திருக்கும், மத்தியானம் தூங்க வேண்டாம், எதுல ஏறணும் எதுல வேண்டாம்னு தானே சொல்லும். ஒண்ணு கவனிங்க, ஆறு வயசுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்தான் பயண வாந்தி அதிகம். வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு சுத்துற ரைடுல ஏத்த வேண்டாம்.

இதுல காசு விஷயம் ஒண்ணு இருக்கு, அதைப் பேசாம விட்டா சரியில்லை. வேன் வாடகை, நாலஞ்சு டிக்கெட், உள்ளே சாப்பாடு எல்லாம் சேர்த்தா பல வீட்டுக்கு அது ஒரு மாசச் சேமிப்பு. வருஷா வருஷம் போற குடும்பம் எந்த வயசுல ஆரம்பிச்சாலும் ஒண்ணும் கெட்டுப் போகாது. பிள்ளை வளர்றதுக்குள்ள ஒரே ஒரு தடவைதான் முடியும்ங்கிற வீடு, அந்த ஒரு தடவையை எட்டு, ஒன்பது வயசுக்கு வெச்சுக்கிறது நல்லது. பாதிக்கு மேல ரைடு திறந்திருக்கும், ஞாபகமும் நிக்கும், அப்பா அம்மா மேல "கூட வா"ன்னு கையைப் பிடிச்சு இழுக்கிற ஆசையும் இன்னும் மிச்சம் இருக்கும். பதிமூணுக்கு மேல ஃப்ரெண்ட்ஸோடதான் போவேன்னு சொல்லிடுவாங்க. நம்ம பக்கம் நிறைய பேருக்கு முதல் தீம் பார்க் ஸ்கூல் டூர்லதான், அதுவும் நல்ல முதல் தடவைதான்.

மஞ்சக்குப்பம் அக்காவுக்கு: இந்த லீவுக்கு பார்க்கைத் தள்ளிப் போடுங்க. வேன் காசை எடுத்து வைங்க, ஆனிக்குச் சிதம்பரம் போங்க. நாலு வருஷம் கழிச்சு பார்க்குக்குப் போறப்போ மூணு வேலை: முந்தின நாள் அவங்க வெப்சைட்ல ரைடு ரைடா உயர அளவைப் பார்த்து, எது கிடைக்கும் எது கிடைக்காதுன்னு பாப்பாகிட்ட வீட்டுலயே சொல்லிடுங்க, வாசல்ல போய் ஏமாற வேண்டாம். உள்ளே நுழைஞ்சதும் தொலைஞ்சு போனா எங்கே வந்து நிக்கணும்னு ஒரு இடத்தைக் காட்டுங்க. போன் நம்பரை முன்கையில பேனாவுல எழுதி, மேல ஒரு பிளாஸ்டர் ஒட்டிடுங்க. தண்ணியில சும்மா எழுதினது நிக்காது.