கைவிடாத பேரன்பு

மயிலாப்பூர்க் கடற்கரையை ஒட்டி நிற்கும் சாந்தோம் பேராலயத்தில், உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய இரவில் நிகழும் பாஸ்கா திருவிழிப்புக்கென்று வகுக்கப்பட்ட பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. அவற்றுள் நான்காவதான ஏசாயா 54ஆம் அதிகாரப் பகுதி, க்ஷண நேரம் முகத்தை மறைத்துக்கொண்ட இறைவன், தள்ளப்பட்ட மனைவியைத் திரும்ப அழைக்கும் கணவனைப் போலத் தம் ஜனத்தை நித்திய கிருபையோடு சேர்த்துக்கொள்வதைக் கூறுகிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் எருசலேமும் அதன் ஆலயமும் அழிந்து, பாபிலோனில் அந்நியராய் வாழ்ந்த யூதருக்கு ஆறுதலாக எழுந்த வாக்கு அது.

இந்த அன்புக்கு ஹேது என்ன என்று தேடுவோருக்கு உபாகமம் தரும் விடை வியப்பானது: இஸ்ரவேலர் தொகையில் மிகுந்தவரல்லர், சகல ஜாதிகளிலும் சிறியவர், இறைவன் நேசித்தார், அவர்களுடைய மூதாதையருக்கு இட்ட ஆணையைக் காத்தார், அவ்வளவே. பாத்திரம் அறிந்து இடப்பட்ட பிச்சையன்று என்பதால்தான், பாத்திரம் பழுதுபட்ட பிறகும் அது நின்றுபோகவில்லை.

இதன் வேதனையை ஓசியா தீர்க்கதரிசியைப் போல் உணர்ந்தவர் எவருமில்லை என்பேன். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இஸ்ரவேலின் வட ராஜ்யத்தில் வாழ்ந்த அவருடைய மனைவி கோமேர் துரோகம் செய்தாள். மகளுக்கு இரக்கம் பெறாதவள் என்றும், மகனுக்கு என் ஜனமல்ல என்றும் பொருள்படும் பெயர்களை இடும்படி அவருக்குக் கட்டளை பிறந்தது. பின்னர் வேறொருவன்பால் சென்றவளை மீட்க அவர் கொடுத்த விலையை நூல் கணக்காகவே குறித்திருக்கிறது: 15 வெள்ளிக்காசும், ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும். காசு போதாமல் வீட்டுத் தானியத்தையும் அளந்து கொடுத்தாரோ என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. அதே நூலில், கைபிடித்து நடை பழக்கிய பிள்ளை விலகி ஓடுவதைக் கண்டும், அவனைக் கைவிட மனம் வராமல் உள்ளம் குழையும் தந்தையாக இறைவன் பேசுகிறார். திருவாசகத்தில் தோய்ந்த தமிழருக்கு அந்த உருக்கம் அந்நியமாகத் தோன்றாது.

136ஆம் சங்கீதம் இவ்வன்பைச் சரித்திரமாகவே பாடுகிறது. மார்கழி விடியலில் பாபநாசம் சிவன் மயிலை மாட வீதிகளில் நடத்திய பஜனையில், முன்னவர் ஓர் அடி பாட உடன் வருவோர் ஏற்றுப் பாடியதைப் போல, சிருஷ்டி, செங்கடல், வனாந்தரம் என்று செல்லும் 26 வசனங்களிலும் இறைவனுடைய கிருபை என்றும் உள்ளது என்ற ஒரே மறுமொழி திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. யூதர்கள் சபத்துக் காலையிலும் பாஸ்கா இரவிலும் ஓதுவது இது. 1688இல் சென்னை மாநகராட்சி தோன்றியபோது அதன் முதல் ஆல்டர்மன்களுள் இருந்த யூத வைர வணிகர்களின் மரபிலும் இதற்கு இடமுண்டு.

ஒரு ஜனத்தின்மேல் மட்டும் இத்தனை பட்சமா என்ற கேள்வி நியாயமானதே. அரசர்களின் வீழ்ச்சியைப் பாடிவந்த அந்தச் சங்கீதம், முடியும் தறுவாயில், மாம்சமான யாவற்றுக்கும் ஆகாரம் அளிப்பவர் என்று இறைவனைத் துதிக்கிறது. யோனாவின் நூல் இன்னும் துணிவுடையது: ஓசியாவின் ராஜ்யத்தைக் கி.மு. 722இல் அழித்த அசீரியரின் நினிவே நகரைக் குறித்து, அங்குள்ள லட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதருக்காகவும், திரளான மிருக ஜீவன்களுக்காகவும் பரிதபிக்காமல் இருப்பேனோ என்று இறைவன் கேட்பதோடு அந்நூல் முடிகிறது.