ஒரு இரும்புக் கம்பிக்கு இத்தனை பேப்பரா? பழைய குட்டி விமானங்களுக்கு நடக்கும் கட்டாய சோதனை... முழு விவரம்!

சோழவரம் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது ஏரி. கொஞ்சம் வயதானவர்களைக் கேட்டால், "ரேஸ் நடக்குமே, அந்த இடம்தானே?" என்பார்கள். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுபாதை அது. போர் முடிந்த பிறகு அதில்தான் கார், பைக் பந்தயங்கள் நடந்தன. 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்ததும் ரேஸும் கிளம்பிவிட்டது.

ஓடுபாதை ஓய்ந்துவிட்டாலும், அந்தக் காலத்து குட்டி விமானங்கள் சில உலகத்தில் இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கின்றன. அதில் பிரபலமானது டைகர் மாத். 1931-ல் முதன்முதலில் பறந்த இந்த இரட்டை அடுக்கு இறக்கை விமானத்தில்தான் அந்தத் தலைமுறை விமானிகள் பலர் பயிற்சி எடுத்தார்கள். நம்ம விமானப்படையும் ஒன்றைப் புதுப்பித்து, 2012 விமானப்படை தினத்தில் ஹிண்டனில் பறக்கவிட்டது.

80 வயசைத் தாண்டிய வண்டியை நம்பி எப்படி ஏறுறாங்க? அதற்கான பதில்தான் 'ஏர்வொர்தினஸ் டைரக்டிவ்'. சுருக்கமாக ஏ.டி.

ஏ.டி. என்றால் என்ன?

ஒரு வகை விமானத்தில் ஆபத்தான குறை இருப்பது தெரிந்தால், "இந்த பாகத்தை இத்தனை மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும்" என்று அரசு அமைப்பு போடும் உத்தரவு இது. கம்பெனி சொல்லும் ஆலோசனை இல்லை, சட்டம். செய்யாவிட்டால் விமானம் தரையை விட்டு எழும்பக்கூடாது.

டைகர் மாத்தில் விமானியின் இருக்கைப் பகுதிக்குக் கீழே, குறுக்காக இரண்டு டை ராட் ஓடும். கார் ஸ்டீயரிங்கில் வரும் டை ராட் இல்லை, இது வேற. இடது, வலது கீழ் இறக்கைகளை உடலோடு இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பிகள் இவை. இதற்கு 2000 மணி நேரப் பறப்பு அல்லது 18 வருஷம் என்று ஆயுள் வைத்திருக்கிறார்கள். எது முதலில் வருகிறதோ அன்றைக்குக் கழற்றிவிட வேண்டும். "நான் வருஷத்துக்கு பத்து மணி நேரம்தானே பறக்கிறேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஷெட்டில் சும்மா நின்றாலும் துரு பிடிக்கும், பசை விடும், மரம் ஈரம் குடிக்கும்.

ஆயுள் முடியும் முன்பே உடைந்த கம்பி

2013 டிசம்பர் 16. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், சவுத் ஸ்ட்ராட்புரோக் தீவு அருகே ஒரு டைகர் மாத் பயணி ஒருவரை ஏற்றிக்கொண்டு வானில் சாகசம் காட்டிக்கொண்டிருந்தது. திடீரென இடது இறக்கைகள் பிய்ந்தன. விமானம் கடலில் விழுந்தது. விமானி, பயணி இருவரும் உயிரிழந்தார்கள்.

விசாரணையில் தெரிந்தது என்ன? இரண்டு டை ராடும் மரை வெட்டிய இடத்தில் முறிந்திருந்தன. அங்கே ஏற்கெனவே 'ஃபெடீக்' விரிசல் ஓடியிருந்தது. திரும்பத் திரும்ப வளைத்தால் கம்பி முறியுமே, அதே கதைதான். இதில் அதிர்ச்சி என்னவென்றால், அவை 18 வருஷத்தையும் தாண்டவில்லை, 2000 மணி நேரத்தையும் தாண்டவில்லை. அசல் கம்பெனிப் பொருளும் இல்லை. உள்ளூரில் செய்து, உள்ளூர் அனுமதி வாங்கிய மாற்றுப் பாகம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத் பிடிப்பவரிடம் அந்தக் கம்பியைக் காட்டினால், "இதுவா? மத்தியானத்துக்குள்ள போட்டுத் தரேன்" என்பார். பொய்யும் இல்லை. ஆனால் எந்த இரும்பு, மரையை எப்படிப் போட்டார்கள், அது எத்தனை ஆயிரம் முறை இழுபட்டால் தாங்கும் என்பதெல்லாம் கண்ணால் பார்த்தால் தெரியாது. அதற்குத்தான் பேப்பர். அந்த ஆஸ்திரேலியக் கம்பிக்கு பேப்பர் இருந்தது. ஆனால் ஆயுள் விஷயத்தைச் சரியாக ஆராயாமலே அனுமதி கொடுத்திருந்தார்கள். விபத்துக்குப் பிறகு, அந்தத் தயாரிப்பு கம்பிகளையே கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது.

மெட்ராஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

1932 அக்டோபரில் டாடாவின் முதல் தபால் விமானம் கராச்சியிலிருந்து கிளம்பியது. பம்பாய் வரை ஓட்டியவர் ஜே.ஆர்.டி. டாடா. அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். விமானத்தின் பெயர் புஸ் மாத்.

அதே ஆண்டுகளில் வெளிநாடுகளில் புஸ் மாத் விமானங்கள் சில, நடுவானில் இறக்கை முறிந்து விழுந்துகொண்டிருந்தன. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் நீண்ட சோதனை நடத்தி, இறக்கையைத் தாங்கும் முட்டுக் கம்பியைப் பலப்படுத்தச் சொன்னார்கள். கட்டாய மாற்றம் என்ற வழக்கம் அவ்வளவு பழசு.

இந்தியாவில் யார் பார்ப்பது?

டி.ஜி.சி.ஏ.தான். சட்டம் மட்டும் புதுசு. 2025 ஜனவரி 1 முதல், 1934-ம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் 'பாரதிய வாயுயான் அதினியம்' நடைமுறையில் இருக்கிறது. விமானம் எந்த நாட்டு வடிவமைப்போ அந்த நாடு போடும் ஏ.டி. இங்கேயும் பொருந்தும். எச்.ஏ.எல். தயாரித்து, 1958-ல் முதலில் பறந்து, நம்மூர் ஃப்ளையிங் கிளப்களில் ஓடிய புஷ்பக் போன்றவற்றுக்கு நாமேதான் பொறுப்பு. விமானப்படையின் விண்டேஜ் விமானங்கள் டி.ஜி.சி.ஏ. கணக்கில் வராது.

சொந்தக்காரர் வேலை பெரும்பாலும் லாக்புக்கில்தான். எந்த ஏ.டி., எந்தத் தேதி, எத்தனை மணி நேரத்தில் செய்தது, அடுத்தது எப்போது, லைசென்ஸ் உள்ள இன்ஜினீயர் கையெழுத்து என எல்லாம் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் தகுதி மறுஆய்வு நடக்கும்போது அந்தப் பட்டியலைத்தான் முதலில் புரட்டுவார்கள். நடுவில் ஒரு புத்தகம் தொலைந்துபோனால் சிக்கல். பாகத்தின் வயசை நிரூபிக்க முடியாவிட்டால், நன்றாக இருக்கிற பாகத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு விவகாரம் மட்டும் இல்லை. நம் பிள்ளைகள் பைலட் பயிற்சிக்கு ஏறும் செஸ்னா 152 விமானத்தின் உற்பத்தி 1985-லேயே நின்றுவிட்டது. பயிற்சிப் பள்ளியில் சேரும்போது பீஸ் எவ்வளவு என்று கேட்கிறோம். விமானத்தின் ஏ.டி. பட்டியலைக் காட்டுங்கள் என்றும் கேட்கலாம், தப்பே இல்லை.