மானமுள்ள மானி

அளவையைக் குறிக்கும் ‘மானம்’ என்னுஞ் சொல்லோடு உறவுடையது மானி. தன்மானம் உடையானையும் மானி என்பது வழக்கு. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துவதொன்று பழைய மோட்டார் வண்டிகளில் உண்டு. இயந்திரத்து நீரின் சூட்டைச் சாரதிக்கு அறிவிக்கும் வெப்பமானியே அது.

1962 இல் இங்கிலாந்தின் ஆபிங்டனில் பிறந்த எம்.ஜி.பி. வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் இயந்திரம், யாழ்ப்பாணத்து வீதிகள் நன்கறிந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜின் இயந்திரத்துக்கு உடன்பிறப்பு. தொடக்ககால வண்டிகளின் மானிக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. இயந்திரத்தின் தலைப்பகுதியில் ஒரு சிறு குமிழ்; அங்கிருந்து சாரதியின் முன்னுள்ள வட்டமுகம்வரை ஒரு நுண்குழாய்; உள்ளே ஈதர். நீர் சூடேற ஈதரின் ஆவியழுத்தம் மிகும்; அது வட்டமுகத்தின் பின்னுள்ள வளைகுழலை நிமிர்த்த, முள் நகரும். மூன்றும் ஓருடல். குழாய் எங்கேனும் முறிந்தால் ஈதர் பறந்துபோம், மானியும் உயிர்விடும். வள்ளுவர் மானத்துக்கு எடுத்துக்காட்டிய கவரிமாவின் சாதி இது! அதனை அறியாது ஓட்டுபவனின் இயந்திரமோ, நீர் வற்றித் தலை கோணும்.

ஆகவே, குமிழை மாத்திரம் கழற்றி வேறொன்று பூட்டுதல் இயலாது. மறுமுனை டாஷ்போட்டின் பின்னே, கை நுழையாத இருளிற் கிடக்கிறது. குமிழைப் பிடித்திருக்கும் பித்தளை நட்டோ பல்லாண்டு அரிப்பால் இறுகியிருக்கும். அதனைத் திருகும்போது குழாயும் உடன்முறுகி ஒடியும். எண்ணெய் விட்டு ஓரிரவு பொறுத்திருப்பவனே காரியவான்.

ஒடிந்ததற்கும் வைத்தியம் உண்டு. விலைகுறைந்த புதுமானி ஒன்றின் குமிழையும் குழாயையும் வெட்டியெடுத்துப் பழைய வட்டமுகத்தோடு இணைப்பர். வெட்டும்போது ஈதர் தப்பாதோ? தப்பாதிருக்கவே குமிழை உப்பிட்ட பனிக்கட்டியுள் அமிழ்த்துவர். ஈதர் கொதிப்பது ஏறத்தாழ 35 பாகை செல்சியசில். அக்குளிரில் அதன் ஆவியழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்திலும் மிகத் தாழ்ந்து, திரவமாய்க் குமிழுள் அடங்கிவிடும். உடனே இருமுனைகளையும் சிறு செப்புறையுட் செருகி ஈயப்பற்று வைப்பர். எத்துணை நுட்பமான சூழ்ச்சி! ஆயின், பனிக்கட்டி இடையிற் கரையலாகாது. சுடர் மட்டுமன்று, சூடேறிய பற்றுக்கோலும் ஈதராவியைக் கொளுத்த வல்லது. இதனைக் கைதேர்ந்தவரிடம் விடுதலே அறிவு.

முடிந்தபின் குமிழைக் கொதிநீரில் இடுக. கடலோர ஊராயின் முள் 212 பாகை பரனைற்றில் நிற்கவேண்டும். பூட்டும்போது குழாயை இழுத்துக் கட்டாது, வழியில் ஒரு சுருள் விட்டுவைப்பர். இயந்திரத்தின் அதிர்வை அச்சுருள் தாங்கிக்கொள்ளும்.