சின்ன மருமகள் கேட்டது

வடக்குக் கொல்கத்தாவின் சந்துகளில், பெரிய தூண்கள் வைத்த பழைய ஜமீன் மாளிகைகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. லேக் மார்க்கெட்டிலேயே காய்கறியும் காப்பிப் பொடியும் வாங்கிக் காலம் தள்ளும் நம்மில் பலர் அந்தப் பக்கம் போவதே அபூர்வம். அப்படியொரு மாளிகையின் கதைதான் பிமல் மித்ராவின் 'சாஹேப் பீபி கோலாம்' என்ற வங்க நாவல் (1953). சீட்டுக்கட்டின் ராஜா, ராணி, ஜாக்கி என்று பொருள். 1962-ல் குருதத் இதை இந்தியில் படமாகத் தயாரித்தார். சின்ன மருமகளாக மீனா குமாரி.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டின் கடைசிக் காலம். வீட்டு ஆண்களுக்குப் பகலில் புறாப் பந்தயம், இரவில் நாட்டியக்காரி வீடு. மருமகள்களுக்கு நகையை அழித்துப் பண்ணுவதே பொழுதுபோக்கு. ஏழை வீட்டிலிருந்து வந்த சின்னவளுக்கு மட்டும் அது போதவில்லை. அவளுக்குக் கணவன் வேண்டும். குங்குமக் கம்பெனியில் வேலை பார்க்கும் பூதநாத் என்ற கிராமத்துப் பையனை அழைத்து, கணவனை வசப்படுத்தும் என்று விளம்பரம் செய்யப்பட்ட 'மோஹினி' குங்குமத்தை வாங்கி வரச் சொல்கிறாள். பலிக்கவில்லை. "அவளைப்போல் என்னோடு குடிப்பாயா?" என்கிறான் கணவன். குடிக்கிறாள். சில நாள் வீட்டில் தங்கியவன் மறுபடி கிளம்பிவிட்டான். மது மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

படம் பார்த்த என் கணவர், "குடிகாரி கதை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் கண்ணகியிடம், பொய்கையில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கோவலன் திரும்புவான் என்று தேவந்தி சொல்கிறாள். அது பெருமையாகாது என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். அவளை நாம் கும்பிடுகிறோம். சின்ன மருமகளோ வெட்கத்தை விட்டுக் கேட்டாள். கேட்டதும் வேறொருவனை அல்ல, தாலி கட்டியவன் மாதிரி அக்கினி சாட்சியாகக் கைப்பிடித்தவனைத்தான்! கற்புக்கரசி என்று சொல்ல ஆளில்லாமல் போனது அதனால்தானோ?

கணவன் பக்கவாதத்தில் விழுந்த பிறகு, அவனுக்காக ஒரு சாமியாரைப் பார்க்க பூதநாத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வண்டியில் கிளம்புகிறாள். இரவெல்லாம் வெளியே கழித்த ஆண்களை ஒருவரும் கேட்டதில்லை. அவள் போன அந்த ஒரு பயணத்துக்கு மைத்துனரின் ஆட்கள் வழிமறிக்கிறார்கள்.

பல வருடம் கழித்து மாளிகையை இடிக்கும்போது மண்ணுக்கடியில் ஓர் எலும்புக்கூடு கிடைக்கிறது. கையில் கிடந்த வளையலை வைத்து அடையாளம் கண்டவன் பூதநாத் ஒருவன்தான்.