படியில்லாத பஸ்

ஹூப்ளி–தார்வாட் பக்கம் போய்வந்த ராஜபாளையம் வாசகர் ஒருவர், "அங்கே பஸ்சுக்கு வலப்பக்கம் கதவு வைத்திருக்கிறார்களே, ஏன்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நிலையம் நடுரோட்டில் இருப்பதால்தான். ஓரத்தில் வைத்தால் ஆட்டோவும் தள்ளுவண்டியும் மறிக்கும்; நடுவில் தனித்தடம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. 2009-இல் ஓடத் தொடங்கிய ஆமதாபாத் ஜன்மார்க் பஸ் சேவையும் இந்த ரகம்தான்.

இதில் எனக்குப் பிடித்தது மேடை. ஆமதாபாத்தில் அதன் உயரம் 90 செ.மீ.; பஸ்சின் உள்தளமும் அதே உயரம். படியே கிடையாது. என் சித்தப்பா வேலை பார்த்த ராஜபாளையம் நூற்பாலையில் லாரித் தட்டு உயரத்துக்கு குடோன் மேடை கட்டியிருந்தார்கள். பஞ்சு பேலைத் தூக்க வேண்டாம், புரட்டித் தள்ளினால் போதும். அதே சூட்சுமம்தான்.

உயரம் சரியானாலும் இடைவெளி என்று ஒன்று இருக்கிறது. மேடைக்கும் பஸ்சுக்கும் நடுவே ஒரு சாண் விட்டால் குழந்தையின் கால் உள்ளே போய்விடும். ரயிலுக்குத் தண்டவாளம் உண்டு. பஸ்சை டிரைவர்தான் கண்ணளவில் அணைக்க வேண்டும். பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1991-இல் கண்ணாடிக் குழாய் நிலையங்களை வைத்தபோது, கதவு திறந்ததும் பஸ்சிலிருந்தே ஒரு பலகை மடங்கி விழுந்து மேடையைத் தொடும்படி செய்தது. ஜெர்மனியின் காசல் நகரத்துக்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். ஓரக்கல்லின் முகத்தைக் குழிவாக வார்த்தார்கள். டயர் அந்தக் குழிவில் படிந்தால், கல்லே சக்கரத்தை நேர்ப்படுத்தி பஸ்சை ஒட்டினாற்போல் கொண்டுவந்துவிடும். டயர் கிழியுமோ என்று டிரைவர் விலகி நிற்க வேண்டியதில்லை.

ஒரே நிபந்தனை, பஸ் நேராக வர வேண்டும். ஓரத்தில் குடைந்துவிட்ட இடத்துக்குள் வளைந்து நுழைந்தால் தலை ஒட்டும், வால் ரோட்டில் நிற்கும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதற்குத் தனித்தடம் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஆடிப்பூரத்துக்கு வரும் பாட்டிகள் கம்பியைப் பிடித்துத் தொங்கித்தானே டவுன் பஸ்சில் ஏறுகிறார்கள்? நிழற்குடையில் நிதி தந்தவர் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுகிறோம். அதன் முன்னால் பைக்கை நிறுத்துகிறோம். பஸ் இருபதடி தள்ளி நடுரோட்டில் நிற்கிறது. பேலுக்குக் காட்டிய கரிசனம் ஆளுக்கு இல்லை.

நிறுத்தத்தில் தரையை ஒரு சாண் உயர்த்தி, பஸ் நிற்க நேர்க்கோடு போட்டு, பைக்குகளை அப்புறப்படுத்தினாலே முதல் படி பாதியாகிவிடும். இதற்கு ஜெர்மனிக்குப் போக வேண்டாம். ஒரு லோடு ஜல்லியும் நல்ல கொத்தனாரும் போதும்.