தரவரிசை எண்ணுக்கு அப்பால் நான் யார்?

புது தில்லி:

"நான் யார்? எதற்காக வாழ்கிறேன்?" - பதினாறு, பதினேழு வயதில் எழும் இந்தக் கேள்விக்கு வீடும், பள்ளியும், விளையாட்டுத் திடலும், நண்பர்களும் சிறிது சிறிதாக விடை சொல்லித் தருவது இயல்பு. ஆனால், ராஜஸ்தானின் கோட்டா, சீகர் போன்ற பயிற்சி நகரங்களில் பெட்டி படுக்கையுடன் வந்து இறங்கும் மாணவர்களுக்கு ஒரே விடைதான் வைக்கப்பட்டுள்ளது. அது தேர்வில் பெறும் தரவரிசை எண்.

கோட்டா பயிற்சி நகரமான கதை வியப்புக்குரியது. அங்கிருந்த ஜே.கே. சிந்தெடிக்ஸ் ஆலையில் பணியாற்றிய வி.கே. பன்சால் என்ற பொறியாளர் தசைச் சிதைவு நோய்க்கு ஆளானார். 1980-களில் வீட்டிலேயே சில மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தரத் தொடங்கினார். உடல் தளர்ந்த நிலையில் கற்பித்தலில் தம் வாழ்வின் பொருளைக் கண்டவர் அவர். 1997-இல் ஆலை மூடப்பட்டபோது வாழ்வாதாரம் இழந்த நகருக்குப் பயிற்சி மையங்களே புதிய தொழிலாயின. ஆசிரியர் ஒருவரின் ஈடுபாட்டில் தொடங்கிய முயற்சி, பிற்காலத்தில் சிறார்களின் அச்சத்தை முதலீடாகக் கொண்ட வணிகமாக வளர்ந்தது.

இடங்களின் கணக்கு

2024-இல் நீட் தேர்வை எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் அதிகம். அவ்வாண்டு நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 1.1 லட்சம். அவற்றில் சுமார் பாதியே அரசுக் கல்லூரிகளில் உள்ளவை. அதாவது, இருபதுக்கும் மேற்பட்டோருக்கு ஓர் இடம். எத்தனை சிறப்பாகப் பயிற்றுவித்தாலும் இந்த எண்ணிக்கை கூடப் போவதில்லை. ஒரு மாணவர் முன்னேறினால் இன்னொருவர் பின்தங்கியே ஆக வேண்டும்.

பல பயிற்சி மையங்களில் அடிக்கடி தேர்வு நடத்தி, மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களை வகுப்பு மாற்றி அமர்த்தும் முறை உள்ளது. மேல் வரிசையினருக்குச் சிறந்த ஆசிரியர்கள் வாய்க்கின்றனர். கீழே இறக்கப்படும் மாணவர், தம் மதிப்பும் இறங்கியதாகவே உணர்கிறார். பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்க, நாள் முழுவதும் பயிற்சி மையத்தில் கழிக்க வகைசெய்யும் "டம்மி பள்ளிகள்" மறுபுறம். 2024-இல் தில்லி, ராஜஸ்தானில் திடீர் ஆய்வு நடத்திய சி.பி.எஸ்.இ., இத்தகைய பள்ளிகள் சிலவற்றின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. பள்ளியை இழக்கும் மாணவர், மதிப்பெண் கேட்காத நட்பையும் சேர்த்தே இழக்கிறார்.

உச்ச நீதிமன்றத்தின் கவலை

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்று வந்த 17 வயது மாணவி 2023-இல் உயிரிழந்த வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. 2022-இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர் என்றும், அவற்றில் தேர்வுத் தோல்வி காரணமாகக் கூறப்பட்டவை 2,248 என்றும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகப் புள்ளிவிவரத்தை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. இந்த இரு எண்களுக்கும் இடையே உள்ள தொலைவு கவனத்துக்குரியது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மட்டும் விழித்திருந்தால் போதாது என்பதையே அது உணர்த்துகிறது.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் மனநல ஆலோசகர், மதிப்பெண் அடிப்படையில் வகுப்புகளைப் பிரிப்பதை இயன்றவரை தவிர்த்தல், பெற்றோருக்கு விழிப்புணர்வு என 15 வழிகாட்டுதல்களை நீதிமன்றம் பிறப்பித்தது. உரிய சட்டம் வரும் வரை இவை நாடெங்கும் கட்டுப்படுத்தும். மதிப்பெண், தரவரிசை ஆகியவற்றுக்கு அப்பால் மாணவர் தம்மை அடையாளம் காண வழிசெய்ய வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. ஆலோசகரை நியமிக்கலாம், வகுப்புகளைக் கலைத்து அமைக்கலாம். இந்த ஒன்றை மட்டும் ஆய்வாளரை அனுப்பிச் சரிபார்க்க இயலாது.

யார் பொறுப்பு?

1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் முதல் கல்வி பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஆயினும் பயிற்சி மையங்களின் பொறுப்பு மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே கைமாறிக்கொண்டே இருக்கிறது. 16 வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாது என மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது சட்டமன்று. 2025 செப்டம்பரில் ராஜஸ்தான் சட்டப்பேரவை நிறைவேற்றிய பயிற்சி மைய ஒழுங்குமுறை மசோதாவில் அந்த வயது வரம்பு இடம்பெறவில்லை. நகரின் பொருளாதாரம் எதைச் சார்ந்திருக்கிறதோ, அதை முறைப்படுத்தும்போது அரசின் கை தளர்ந்துவிடுகிறது.

நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் உதவி எண்கள், திட்டங்கள் பற்றிய பட்டியல் பதிலாக வருகிறது. அவை தேவையானவை. ஆனால், அவை விழுபவரைத் தாங்கும் ஏற்பாடுகள். அரசுக் கல்லூரி இடங்களைப் பெருக்குவதும், மருத்துவம், பொறியியல் அல்லாத படிப்புகளுக்கும் வேலையையும் மதிப்பையும் உறுதி செய்வதும், ஒற்றைத் தேர்வின் மீது ஏற்றப்பட்ட சுமையை இறக்குவதுமே விழாமல் காக்கும் வழிகள். "தேர்வில் தோற்றாலும் வாழ்க்கை உண்டு" என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளையிடம் சொல்லும் முன், அத்தகைய வாழ்க்கை இந்த நாட்டில் உண்மையிலேயே இருப்பதை ஆட்சியாளர்கள் உறுதி செய்ய வேண்டும்.

(மன உளைச்சலில் இருப்போர், மத்திய அரசின் "டெலி மானஸ்" சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம்.)